தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்

அன்புள்ள மெர்சி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. உன் கடிதம் காலைத் தபாலில் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் இரண்டு தரம் படித்தேன். விரிவுரையாளர் வேலையோடு பெண்கள் விடுதியின் துணை வார்டன் பொறுப்பையும் உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்ற வரி வந்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மேட்ரன் மக மேட்ரனாயிட்டாளாக்கும்" என்றார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மூன்றாவது பக்கத்தில்தான் இடித்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மாடிப்படியின் கீழே உள்ள இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை முதல்வர் வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். காலை ஐந்தரைக்குத்தான் அது திரும்பி வரும். மாடியில் நூற்று நாற்பது பெண்கள். "எனக்கே உறுத்தலாத்தான் இருக்கும்மா. ஆனா வந்து ஒரு மாசம்கூட ஆகல. ஒரு வருஷம் போகட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு வருஷமா? என் வயிற்றில் பிறந்தவள் எழுதுகிற எழுத்தா இது? கோபத்தில் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆகையால் திட்டாமல் ஒரு கதை சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். விடுதியில் தீப்பிடித்ததையும், நான் சண்டை போட்டுப் பூட்டை எடுத்ததையும் நீ நூறு தரம் என்னிடம் கேட்டிருக்கிறாய். அந்த நூறு தரமும் நான் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அதையும் சேர்த்து இன்றைக்கு எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கோச்சடைப் பக்கம் வயலுக்கு நடுவில் இருந்த அந்த விடுதிக்கு நான் மேட்ரனாகப் போனபோது உனக்கு மூன்று வயது. மதிலை ஒட்டி நமக்கு இரண்டு அறை வீடு. மாணவிகள் எல்லாரும் மாடியில். ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டு, அதன் அடியில் இழுத்துச் சாத்துகிற இரும்புக் கதவு. வேலையில் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், உன் அப்பாவைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பி ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னதுதான். உள்ளங்கையைவிடப் பெரிய பூட்டு. "கடப்பாரை வளையுமே தவிர இது அசையாது" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். பெண்ணைச் சேர்க்க வருகிற ஒவ்வொரு தகப்பனிடமும் அந்தப் பூட்டைத் தூக்கிக் காட்டுவேன். "உங்க பிள்ளை பெட்டகத்துல இருக்குற மாதிரிங்க. சாவி என் இடுப்பை விட்டு இறங்காது" என்பேன். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடு எனக்குத் தலைக்கு ஏறிப்போனது. ஒரு பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, பாதுகாப்பு என்ற பாடத்தையே முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி இரண்டிரண்டு பேராக வரிசையில் நடக்க, முன்னால் நான் குடை பிடித்துக்கொண்டு போவேன். கோயிலுக்கு ஒன்றரை மைல். மற்றப் பிள்ளைகள், பெரும்பாலும் சோழவந்தான், செக்கானூரணிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண்கள், மாடியிலேயே இருப்பார்கள். அவர்களை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் கைப்பையில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். வாட்ச்மேன் சோணை வெளிக்கேட்டில் இருப்பார். ஆம்பிளை கையில் சாவியைக் கொடுக்கலாமா, கூடாது. முப்பத்தொரு பெண்களைப் பூட்டி வைத்துவிட்டு, அவர்களைக் காப்பாற்றும்படி ஆண்டவரிடம் ஜெபிக்கப் போனவள் உன் அம்மா. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல். ஆறு வயது. அப்பாவுக்குக் கப்பலூர் இரும்புப் பட்டறையில் அவசர வேலை. உன்னைப் பேச்சியம்மாளின் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, "கஞ்சி குடுத்துரு பேச்சி, போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிப் பூட்டினேன். பேச்சி சோழவந்தான் பக்கத்துப் பிள்ளை. அவள் வீட்டிலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வருகிற நாள். இரண்டு பெண்கள் திருட்டுத்தனமாக வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து, கட்டில் மேலேயே போர்வையை விரித்துப் பாவாடை தேய்த்திருக்கிறார்கள். விடுதியில் இஸ்திரிப் பெட்டி கூடாது என்று நான் போட்ட சட்டம் இருக்கிறதே, அதற்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு. நடுவில் கரண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் அது எப்போது போகும், எப்போது வரும் என்று மின்சார இலாகாவுக்கே தெரியாது. பெட்டியை மெத்தையிலேயே வைத்துவிட்டு, தலைக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். கரண்டு திரும்பி வந்துவிட்டது. இலவம்பஞ்சு மெத்தை. முதலில் புகையைப் பார்த்தவள் சத்தம்கூடப் போடவில்லையாம். "மேட்ரம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சுப்புடுவாங்கடி" என்று ஜன்னலைத் திறந்து புகையை விசிறி வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறாள். திறந்த ஜன்னல் காற்றில் பஞ்சு குப்பென்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் படியிறங்கி ஓடி வந்தார்கள். கீழே என் பூட்டு அசையாமல் நின்றது. பூட்டு விற்றவர் சொன்னது ஒரு பொய்யும் இல்லை.

சோணை வெளியே நின்று கல்லைப் போட்டு அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்திருக்கிறார்.

இனிமேல் வருவதுதான் நான் உனக்குச் சொல்லாதது. கோயிலில் போதகர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய ஜெபத்தின் நீளம் உனக்குத் தெரியும். ஜில்லா ஜில்லாவாகப் போய்விட்டுத்தான் ஆமென் சொல்லுவார். நான் கண்ணை முழுதாக மூடவில்லை. பிள்ளைகள் யாராவது குசுகுசுவென்று பேசுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சோணை வந்து நிற்பதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றார். அவர் ஒருநாளும் எங்கள் கோயிலுக்குள் வந்ததில்லை. சாமி கும்பிடுகிற இடத்தில் நடுவில் புகுந்து சத்தம் போடக் கூடாது என்ற மரியாதை. என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை உயர்த்தினேன். பொறு, ஜெபம் முடியட்டும் என்று சைகை காட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் பொறுத்து நின்றார். முகமெல்லாம் வேர்த்து ஊற்ற, ஒரு மனுஷன் என் கைக்குக் கட்டுப்பட்டு நின்றார். உள்ளே நீ காய்ச்சலோடு கிடந்தாய்.

ஆமென் சொன்ன பிறகுதான் எழுந்து போனேன். "தாயி, மாடியில தீ! பிள்ளைக உள்ள இருக்குதுக!" என்றார். அதற்கப்புறம் நான் நடந்தேனா, பறந்தேனா தெரியாது. அவர் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். கல்லூரி மேட்ரன், வெள்ளைச் சேலை, வாட்ச்மேன் சைக்கிளில். கோச்சடை ரோட்டில் டீக்கடைக்காரர் முதல் வண்டிக்காரர் வரைக்கும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. வந்தால் வரட்டும். வழியெல்லாம் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து, அதன் பல் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

நான் கதவைத் திறந்தபோது தீ அணைந்திருந்தது. அணைத்தவள் பேச்சி. வாயே திறக்காத அந்தப் பிள்ளை, வைக்கோல் படப்பு எரிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள், படிக்கட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாளாம். "பூட்டப் போட்டு இழுத்து என்னத்துக்கடி ஆகப்போகுது! மேல வாங்க! துண்ட நனைச்சு மூக்குல கட்டுங்க! குனிஞ்சு போங்கடி, நிமிராதீக!" குளியலறைத் தொட்டியிலிருந்து வரிசையாக நின்று வாளி மாற்றியிருக்கிறார்கள். எரிகிற மெத்தையை அவளும் இன்னொருத்தியும் நனைந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு இழுத்துக் குளியலறைக்குள் தள்ளிவிட்டார்கள். மெத்தையை இழுத்த நேரம் தவிர நீ அவள் இடுப்பில்தான். நான் மேலே போனபோது, கரி அப்பிய மூஞ்சியோடு, "அம்மா, பேச்சியக்கா நெருப்ப அடிச்சுப்புட்டாங்க" என்று கை தட்டினாய். பேச்சியின் இரண்டு கையிலும் தோல் உரிந்து தொங்கியது. உன்னை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நிர்வாகக் குழு கூடியது. சோணை ஏன் தாமதம் செய்தார் என்பதுதான் முதல் கேள்வி. கோயில் வாசலில் அவர் சும்மா நின்றதைப் பார்த்த சாட்சி இருந்தது. "ஏய்யா, தீப்பிடிச்சிருக்குன்னு சத்தம் போட வேண்டியதுதானே? வேடிக்கை பாத்துக்கிட்டா நின்னே?" என்றார் செயலர். சோணை தலையைக் குனிந்துகொண்டு, "சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தாகய்யா. தப்புத்தாங்க" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், மெர்சி. வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே, வீடு போய்விடுமே, நீ என்ன ஆவாய் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நான்கு நாள் அப்படி இருந்தேன். ஐந்தாம் நாள் பேச்சிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "சோணையண்ணன எதுக்கும்மா நிப்பாட்டுனாக? அவுகதானே ஓடி வந்து உங்களக் கூட்டியாந்தாக?"

அன்றைக்கே சோணை வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "சோணை அண்ணே, நான் கையக் காட்டுனத ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அதுவரை அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அவர் திகைத்துப்போய், "அதப் போயி எப்பிடித் தாயி சொல்லுறது? நீங்க தெரிஞ்சா செஞ்சீக?" என்றார். அங்கே நின்று நன்றாக அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அவர் மனைவி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மறு வாரமே குழுவைக் கூட்டச் சொன்னேன். எழுந்து நின்று, "சோணை தாமதம் பண்ணல. நான்தான் பொறுக்கச் சொன்னேன். நிறுத்துறதா இருந்தா என்னை நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கதவை மாத்துங்க" என்றேன். செயலர் கனைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. கதவை உள்ளே இருந்து திறக்குற மாதிரி வச்சா பெத்தவங்க ஒத்துக்குவாங்களா? பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல். ஊர் என்ன பேசும்?" என்றார். அதுதான் எல்லாருடைய பதிலும். நானே மூன்று வருஷமாகச் சொல்லி வந்த பதில்.

கடவுள் கணக்கு எப்படி இருக்கிறது பார். மகளைப் பார்க்க அன்று வந்திருந்த பேச்சியின் அப்பா வராண்டாவில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வயலிலிருந்து நேராக பஸ் ஏறி வந்த மனிதர், வேட்டியில் சேறு காயவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "ஒரு வார்த்தைங்க. எங்க தொழுவுல மாட்டக் கட்டுறப்பகூட ஒரே இழுப்புல அவுறுற மாதிரித்தான் முடிச்சுப் போடுவோம். கூரை பத்துனா ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல? மாட்டுக்குப் பாக்குறத பிள்ளைகளுக்குப் பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? பெத்தவுக சொன்னாகங்கிறீகளே, நான் பெத்தவன்தான். எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. "ஊர் பேசட்டும் ஐயா. பேச்சுக்குக் காது குடுக்கப் பிள்ளைங்க உயிரோட இருக்கணும்ல?" என்றேன். அன்று மாலைக்குள் சோணை திரும்ப வேலைக்கு வந்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்; எனக்குக் கிடைத்த மெடல் அது.

கதவுக்கு வழி கண்டுபிடித்தது உன் அப்பா. பட்டறையில் உட்கார்ந்து யோசித்து, தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்து, அதை இழுத்தால் வெளியே வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு மணி அடிக்கிற மாதிரி கம்பி கொடுத்தார். பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம், ஆனால் சத்தமில்லாமல் வர முடியாது. குழுவின் வாய் அதோடு அடைத்துப்போனது. ஆறு மாதம் நச்சரித்துப் பின்பக்கம் ஒரு இரும்புப் படிக்கட்டும் வாங்கினேன். திண்டுக்கல் பூட்டை அரிசி மூட்டை வைக்கிற அறைக்குப் போட்டேன். அரிசியை அது நன்றாகவே காத்தது. இஸ்திரிப் பெட்டிச் சட்டத்தையும் நானே கிழித்துப் போட்டேன். வராண்டாவில் ஒரு கல்மேசை, ஒரு பிளக், பக்கத்தில் இரண்டு மணல் வாளி. "தேய்க்கணும்னா இங்க வந்து எல்லாரும் பாக்கத் தேயுங்கடி" என்றேன். கூடாது என்று சொன்னால் பொருள் மறைவதில்லை மெர்சி, கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. உன் விடுதியிலும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார். ஸ்டவ் இருக்கும், சுடுதண்ணி போடுகிற கரண்டுக் கம்பிச்சுருள் இருக்கும். பிடுங்காதே. அதை வைக்க ஒரு நல்ல இடம் கொடு.

பிறகு பயிற்சி. ஒரு தண்டவாளத் துண்டைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அதை அடித்தால் எல்லாரும் கீழே வந்து மரத்தடியில் நிற்க வேண்டும். முதல் நாள் கூத்தைக் கேள். ஒருத்தி சீயக்காய்த் தலையோடு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஒருத்தி டிரங்குப் பெட்டியைப் படிபடியாக இழுத்துக்கொண்டு வந்து, பின்னால் இருபது பேரை நிறுத்தி வைத்தாள். ஒருத்தி வரவே இல்லை. கேட்டால், "சும்மாதானேம்மா அடிச்சீங்க" என்கிறாள். கடைசி ஆள் வந்து சேருவதற்குள் கால் மணி நேரம். செயலர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் உள்ளுக்குள் அழுதுகொண்டே வெளியே சிரித்தேன். அன்றைக்குத்தான் சோடி ஏற்பாடு செய்தோம். ஆளுக்கு ஒரு சோடி. மணி அடித்தால் பெட்டியை எடுக்காதே, புத்தகத்தை எடுக்காதே, உன் சோடியின் கையைப் பிடி. மரத்தடிக்கு வந்ததும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டு. எல்லாக் கையும் சோடி சோடியாக உயர்ந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து "எல்லாரும் இருக்கோம்!" என்று கத்த வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மாதம் ஒரு தரம், சொல்லாமல் கொள்ளாமல். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம் அடித்துப் பிள்ளைகளிடம் நான் வாங்கிய சாபம் கொஞ்சமா? "மேட்ரம்மாவுக்குப் பொழுது போகலைன்னா தண்டவாளத்த அடிச்சுப்புடும்" என்று நீயே உன் சிநேகிதியிடம் சொன்னதைக் கேட்டேன். சிவப்பு வாளி மணலில் யாரோ கொத்தமல்லி விதைத்துவிட்டார்கள். கொத்தமல்லியைப் பறித்து ரசத்தில் போட்டுவிட்டு, மணலை மாற்றி வைத்தேன். ஏழெட்டு வருஷம் ஒரு தீயும் வரவில்லை. இத்தனை பயிற்சியும் வீண்தானோ என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்புறம் வந்தது அந்தச் சாயங்காலம். உனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாய். சமையல்கட்டில் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டை உருண்டு, அடுக்கியிருந்த விறகில் பிடித்து, பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னுக்குத் தாவியது. சமையற்காரர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். புகை முழுதும் முன்படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறியது. முதலில் பார்த்தவள் நீ. அம்மா என்று கத்திக்கொண்டு என்னைத் தேடி ஓடவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்த் தண்டவாளத்தை அடித்தாய். என்ன அடி! கோச்சடை முழுக்கக் கேட்டது. நான் வீட்டிலிருந்து வெளியே வருவதற்குள் பின்படிக்கட்டில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூச்சல் இல்லை, தள்ளல் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு சோடி சோடியாக. டிரங்குப் பெட்டி ஒன்றுகூட இல்லை. மாடியிலிருந்த தொண்ணூற்றாறு பேர் வந்து நின்றால்தான் கணக்கு.

கைகள் உயர்ந்தன. ஒரே ஒரு கை மட்டும் தனியாக உயர்ந்தது. முதல் வருஷத்துப் பிள்ளை ஜமுனா. "அம்மா, எஞ்சோடி இல்ல! பாத்திமா இல்லம்மா! அறையில தேடுனேன், இல்ல!" என்று அலறினாள். சோடி ஏற்பாடு இல்லாவிட்டால் அத்தனை பேர் கூட்டத்தில் அந்த ஒருத்தி இல்லாதது எப்போது தெரிந்திருக்கும்? நான் பின்படிக்கட்டைப் பார்க்க ஓடினேன். சோணை அண்ணன் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த மாடியை மிதித்ததே இல்லை. "பொம்பளப் பிள்ளைக இருக்குற எடம் தாயி..." என்று என் முகத்தைப் பார்த்தார். அதே பார்வை. அன்றைக்குக் கோயில் வாசலில் பார்த்த அதே பார்வை. "ஏறுங்கண்ணே!" என்று கத்தினேன். "நானும் வாரேன், ஏறுங்க!" வாளித் தண்ணீரில் ஒரு போர்வையை முக்கி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

பாத்திமா குளியலறையில் இருந்தாள். வாளியில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவளுக்கு மணி கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள், நடையெல்லாம் புகை, பயந்து மறுபடி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டுவிட்டாள். சோணை அண்ணன் கதவை இரண்டு கையாலும் அடித்தார். "தாயி, பயப்படாத! வாட்ச்மேன்தான் வந்திருக்கேன். மேட்ரம்மா போர்வையோட நிக்கிறாக. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன், நீ வெளிய வா தாயி!" என்றார். நிஜமாகவே புகைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னார். தாழ் திறந்தது. போர்வைக்குள் அவளைச் சுருட்டி அணைத்துக்கொண்டு, குனிந்தபடி மூன்று பேரும் இறங்கினோம். ஜமுனா ஓடி வந்து பாத்திமாவின் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். அப்போது தொண்ணூற்றாறு பேரும் சேர்ந்து போட்ட சத்தம் இருக்கிறதே, மெர்சி, அதைப்போல ஒரு பாட்டை எந்தப் பாடகர் குழுவும் பாடி நான் கேட்டதில்லை.

தீயணைப்பு வண்டி அதற்கப்புறம்தான் வந்தது. அதிகாரி குதித்து இறங்கி, "உள்ள எத்தனை பேரும்மா?" என்று பதறினார். என் முகமெல்லாம் கரி, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஒருத்தரும் இல்லைங்க. எல்லாரும் இந்தா நிக்கிறோம்." அவர் நம்பவில்லை. ஒரு தரம் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா மணி அடிச்சது?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பாவாடையோடு நீ முன்னால் வந்தாய், மணி அடித்த இரும்புக் கம்பியைக் கையிலிருந்து கீழே போடாமல். உன் உள்ளங்கையில் கொப்புளம். என் உள்ளங்கையில் சாவி பதிந்த இடத்தை அப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சமையல்கட்டு போனது, விறகு போனது, அரிசி போனது. போகட்டும். எரிந்த அறையின் வாசலில் அந்தத் திண்டுக்கல் பூட்டு மட்டும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், செயலர் உட்பட. மறு வாரம் தன் மகள் படிக்கிற கல்லூரியிலும் இப்படி ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லிக் கடிதம் எழுதியதாக அவரே வந்து சொன்னார். பேச்சி இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்திலும் ஒரு தண்டவாளம் தொங்குகிறது. கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால், "இது என் பட்டம்" என்று சொல்லுகிறாளாம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவள் எப்படிப் பேசுவது என்கிறாய். பதினாலு வயதில் யாரைக் கேட்டு மணி அடித்தாய்? முதல்வர் நல்லவர்தான் என்று எழுதியிருக்கிறாய். நம் செயலரும் நல்லவர்தான், நானும் நல்லவள்தான். நல்லவர்கள் சேர்ந்துதான் முப்பத்தொரு பிள்ளைகளைப் பூட்டி வைத்தோம். மரியாதையாகப் போய்ப் பேசு. பெற்றோர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொன்னால், பெற்றோருக்கு நீயே கடிதம் எழுதிக் கேள். தாழ்ப்பாளையும் மணியையும் எப்படி வைப்பது என்று உன் அப்பா படம் போட்டிருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். உன் ஊர் வெல்டருக்குப் புரியாவிட்டால் தானே பஸ் ஏறி வருவாராம். இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டார், தடுக்க முடியவில்லை. அங்கே இருக்கிற வாட்ச்மேனிடம் போய், என்னைத் தேடி நீங்கள் எந்த அறைக்குள்ளும் எந்த நேரமும் வரலாம், நான் ஜெபத்தில் இருந்தாலும் வரலாம் என்று சொல்லிவை. அவர் வாசலில் தயங்கி நின்றால் நீ கையை உயர்த்தாதே. எழுந்து போ.

ஒரு வருஷம் போகட்டும் என்று எழுதினாயே, அதுவும் அந்தக் கைதான் மெர்சி. ஜெபம் முடியட்டும் என்று நான் காட்டின அதே கை. உன் அம்மா அதை இறக்குவதற்குள் ஆண்டவர் ஒரு பேச்சியை அனுப்பி உன்னைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா விடுதியிலும் பேச்சி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த கடிதத்தில் நலம் என்று எழுதாதே, எனக்கு அது போதாது. உன் வேலையை முடித்துவிட்டு, நூற்று நாற்பது பிள்ளைகளையும் மரத்தடியில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒரு தபால் கார்டு வாங்கி இரண்டே வார்த்தை எழுதிப் போடு. எல்லாரும் இருக்கோம்.

அம்மா